கீறல் விழுந்த டிவிடி: முதுமையைப் பற்றி இரண்டு புத்தகங்கள்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பீரோவைத் திறந்தார். மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை டப்பா வெளியே வந்தது. என்எம்என் கேப்ஸ்யூல். விலை தெரிந்தால் அத்தை வீட்டை இரண்டாக்கிவிடுவார் என்பதால்தான் அந்த மறைவிடம். மாமாவுக்கு 66 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை.

“வயசாகுறது ஒரு வியாதிதானாம்டா. ஜீனெல்லாம் அப்படியே பத்திரமா இருக்காம். அதைப் படிக்கிறதுலதான் கோளாறாம். டிவிடில கீறல் விழுந்தா படம் திக்கித் திக்கி ஓடும்ல, அந்த மாதிரி. கீறலைத் தொடச்சுட்டா பழைய படமே மறுபடி ஓடுமாம். நீதான் நிறையப் படிக்கிறியே, நெசமா இது?”

“அப்படியும் சொல்றாங்க மாமா” என்று மழுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஆனால் அந்த டிவிடி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அது யாருடைய உவமை என்று எனக்குத் தெரியும். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் டேவிட் சின்க்ளேர் 2019இல் வெளியிட்ட ‘லைஃப்ஸ்பான்’ புத்தகத்தின் நடு உவமை அது. பாஸ்டனில் கிளம்பி, யூட்யூபில் யாரோ தமிழில் சுருக்கி, கடைசியில் எங்கள் மாமாவின் பீரோ வரைக்கும் வந்துவிட்டது. உவமைக்கு இவ்வளவு கால்பலம் இருக்கும் என்று நம்மூர்க் கவிஞர்கள்கூட நம்ப மாட்டார்கள்.

சின்க்ளேரின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கூடவே வெங்கி ராமகிருஷ்ணன் 2024இல் வெளியிட்ட ‘வொய் வீ டை’ புத்தகத்தையும். இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. ஒரு உயிரிக்குள் மரபணுக்கள் வெளிப்படும் விதத்துக்கும் அது எவ்வளவு காலம் வாழ்கிறது, எப்படி மூப்படைகிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்? நான் அறிவியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் ‘பிரதி’, ‘வாசிப்பு’ என்று நமக்குப் பழகிய இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டையும் இவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க இலக்கிய வாசகனுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

*

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லீரல் செல்லிலும் கண்ணின் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. கல்லீரல் அவற்றில் சிலவற்றை ஓயாமல் படிக்கிறது, பலவற்றைத் தொடுவதே இல்லை. கண் வேறு சிலவற்றைப் படிக்கிறது. எந்த மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது, எவ்வளவு எடுக்கப்படுகிறது, அதிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. டிஎன்ஏ இழை சில புரத உருண்டைகளின் மேல் நூல்கண்டு மாதிரி சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய பகுதியைப் படிப்பது கஷ்டம், தளர்ந்திருந்தால் சுலபம். இழையின் மேலேயே மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டு ‘இதைப் படி’, ‘இதை விடு’ என்பதை நிர்ணயிக்க உதவுகின்றன. எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மாற்றும் இந்த ஏற்பாடுகளுக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர்.

வயதாகும்போது இந்தக் குறிகள் மாறுகின்றன. அதில் சந்தேகமே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டீவ் ஹார்வத் 2013இல் டிஎன்ஏவில் 353 இடங்களின் மெத்தில் நிலையை வைத்து ஒரு மனிதரின் வயதைச் சில வருட வித்தியாசத்துக்குள் கணித்துக் காட்டினார். ரத்தம், மூளை, கல்லீரல் என்று எந்தத் திசுவைக் கொடுத்தாலும் கணக்கு வேலை செய்தது. கடிகாரம் ஓடுகிறது, சரி. அதுவே நம்மை வயதாக்குகிறதா, இல்லை வயதாவதைச் சும்மா காட்டுகிறதா? முள்ளைப் பின்னால் தள்ளினால் நேரம் பின்னால் போகுமா? இந்த இடத்தில்தான் இரண்டு புத்தகங்களும் பிரிகின்றன.

*

சின்க்ளேர் நன்றாக எழுதுகிறார். அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். ஹங்கேரியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தப்பி வந்த பாட்டி வேரா, சிட்னி ஓரத்துக் காடு, பிறகு அம்மாவின் மரணம் என்று அவர் தொடங்கும் பக்கங்களில் ஒரு மகனின் உண்மையான கோபம் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஈஸ்ட். ஈஸ்ட் செல்லில் சர்2 என்று ஒரு புரதம் சில மரபணுக்களை ஊமையாக்கி வைத்திருக்கிறது. எங்கேயாவது டிஎன்ஏ உடைந்தால் அது தன் இடத்தை விட்டுப் பழுதுபார்க்கும் இடத்துக்கு ஓடுகிறது. அது போன நேரத்தில் ஊமையாக இருந்தவை பேச ஆரம்பிக்கின்றன. கிழட்டு ஈஸ்ட் இனச்சேர்க்கைத் திறனை இழப்பது இதனால்தான். இதிலிருந்து அவர் ஒரு பெரிய கோட்பாட்டுக்குத் தாவுகிறார். எழுத்து டிஜிட்டல், அழியாமல் இருக்கிறது. வாசிப்பு அனலாக், அதில் கீறல் விழுகிறது. முதுமை என்பது தகவல் இழப்பு. எங்கேயோ இளமையின் மூலநகல் பத்திரமாக இருக்கிறது, அதை மீட்டால் போதும். இதற்குத் துணையாக 1948இல் கிளாட் ஷானன் எழுதிய தகவல் கோட்பாட்டைக் கூப்பிடுகிறார்.

படிக்கும்போது புல்லரிக்கிறது. இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறுத்தியது. டிவிடியில் இருப்பது முடிந்த படம். ஒருவர் எடுத்து, வெட்டி, ஒட்டி, ‘இதுதான் சரியான வடிவம்’ என்று கொடுத்த படம். கீறல் என்று நாம் சொல்வதற்கே அந்தச் சரியான வடிவம் இருந்தாக வேண்டும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார். அது நியாயமான வேலை, ஏனென்றால் திருத்தக்கதேவர் என்று ஒருவர் அதை எழுதியிருக்கிறார். மூலபாடம் என்று ஒன்று எப்போதோ இருந்திருக்கிறது. ஒரு எலியின் கல்லீரலுக்குத் திருத்தக்கதேவர் யார்? இருபது வயதில் நம் செல்கள் தங்கள் மரபணுக்களைப் படித்த விதம்தான் மூலபாடம் என்று யார் முடிவு செய்தது? ரோலான் பார்த் 1967இல் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு நம் சிறுபத்திரிகைகளில் ‘ஆசிரியனின் மரணம்’ என்று அடிதடியே நடந்தது. ஆசிரியனே இல்லாத பிரதி ஒன்று உண்டென்றால் அது டிஎன்ஏதான். அதில் போய் ஆசிரியனின் உத்தேசத்தைத் தேடுகிறார் சின்க்ளேர்.

இதை வெறும் இலக்கியக் குதர்க்கம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். நான் சாட்சிக்குக் கூப்பிடப் போவது பூச்சிகளையும் புழுக்களையும்தான்.

*

தேனீயை எடுத்துக்கொள்வோம். ராணிக்கும் வேலைக்காரிக்கும் மரபணுப் பட்டியலில் வித்தியாசம் கிடையாது. எந்தப் பெண் புழுவும் ராணியாகலாம். முதல் மூன்று நாள் எல்லாப் புழுக்களுக்கும் ராயல் ஜெல்லி கிடைக்கிறது, ராணியாகப் போகிறவளுக்கு மட்டும் அது கடைசி வரை தொடர்கிறது. கோடையில் பிறக்கும் வேலைக்காரி ஆறு வாரம் வாழ்ந்தால் பெரிது. ராணி வருடக்கணக்கில் வாழ்கிறாள். 2008இல் கான்பெராவில் ரிஷார்ட் மலெஷ்காவின் குழு, மெத்தில் குறிகளை ஒட்டும் நொதி ஒன்றைப் புழுப்பருவத்தில் அடக்கிப் பார்த்தது. ராயல் ஜெல்லி விருந்து இல்லாமலே பெரும்பாலான புழுக்கள் ராணியைப் போல வளர்ந்த சூலகங்களோடு வெளியே வந்தன. இப்போது சொல்லுங்கள், இதில் எது படம், எது கீறல்? ராணிதான் சரியான வாசிப்பு, வேலைக்காரி பழுதான வாசிப்பா? கூடு ஓடுவது வேலைக்காரிகளால். இரண்டுமே முழுமையான வாசிப்புகள். ஒன்றுக்கு ஆறு வாரம், இன்னொன்றுக்கு வருடங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஒரு எறும்பு. ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமெல்லாம் இருக்கிற நம்மூர் எறும்புதான். நீண்ட தாடை, பெரிய கண், தாவிப் பிடித்து வேட்டையாடும். ராணி செத்துப்போனால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஜெயித்த சிலர் முட்டையிட ஆரம்பிக்கிறார்கள். இவர்களுக்கு கேமர்கேட் என்று பெயர். (இணையத்தில் வேறொரு சண்டையின் பெயராக உங்களுக்குத் தெரிந்த சொல்தான். எறும்பு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே வைத்துவிட்டார்கள்.) சாதாரண வேலைக்காரியின் ஆயுள் சுமார் ஏழு மாதம். கேமர்கேட் ஆனவள் நான்கு வருடம் வரை வாழ்கிறாள். வளர்ந்து முடிந்த பூச்சி, புதிய மரபணு ஒன்றுகூடக் கிடையாது, இறக்கைகூட முளைப்பதில்லை. வாசிப்பு மாறுகிறது, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் டேனி ரைன்பெர்க், கிளாட் டெப்லான் குழுவினர் 2022இல் இதன் உள்வேலையைக் கண்டுபிடித்தார்கள். முட்டையிட இன்சுலின் வேண்டும், அதனால் புது ராணியின் மூளையில் இன்சுலின் கூடுகிறது. பொதுவாக விலங்குகளில் இன்சுலின் பாதை வேகமாக ஓடினால் ஆயுள் குறைகிறது. அப்படியென்றால் இவள் சீக்கிரம் சாக வேண்டுமே? சாவதில்லை, ஏனென்றால் அவளுடைய சூலகங்கள் இம்ப்-எல்2 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இன்சுலின் சேதிக்கு செல்லுக்குள் இரண்டு கிளைகள். முட்டை உற்பத்திக்கு வேண்டிய கிளையை விட்டுவிட்டு, முதுமையோடு தொடர்புடைய கிளையை மட்டும் இந்தப் புரதம் அடக்குகிறது. அதிக முட்டையா, அதிக ஆயுளா என்று மற்ற உயிர்களை மிரட்டுகிற கணக்கை இந்த எறும்பு பக்கவாட்டில் தாண்டிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. கேமர்கேட்டை அவளுடைய பதவி செல்லாத சூழலுக்குக் கொண்டுபோனால் அவள் மறுபடி வேலைக்காரியாகிறாள். சூலகம் சுருங்குகிறது. ஆயுளும் கூடவே சுருங்குகிறது.

அந்தத் தகவலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே நீண்ட ஆயுள் எந்தத் தட்டிலும் பதிந்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கூட்டில் அவளுக்கு என்ன இடம் என்பதற்கு ஏற்ப, ஒவ்வொரு நாளும் அது நிகழ்த்தப்படுகிறது. ஒரே கதையை வைத்துக்கொண்டு கூத்து ஆடுகிறவர்கள் ஊருக்கும் ஆளுக்கும் தகுந்த மாதிரி இரவை நீட்டுவதும் சுருக்குவதும்தான் ஞாபகம் வருகிறது. கூத்தில் கீறல் விழாது என்று சொல்லவில்லை. தொண்டை கட்டும், மத்தளம் கிழியும். ஆனால் அதைத் துடைத்தால் ‘அசல் இரவு’ கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

*

புழுவின் கதை ரொம்பப் பிரசித்தம் என்பதால் சுருக்கமாக. 1993இல் சான் பிரான்சிஸ்கோவில் சின்தியா கென்யன், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் டாஃப்-2 என்ற ஒற்றை மரபணுவின் திரிபு ஆயுளை இரண்டு மடங்காக்குவதைக் காட்டினார். இரண்டு மூன்று வாரம் வாழ்கிற ஜந்து. 1997இல் கேரி ரவ்கனின் ஆய்வகம் அந்த மரபணு நம் உடம்பிலுள்ள இன்சுலின் ஏற்பியின் உறவுக்காரன் என்று கண்டது. டாஃப்-2 அடங்கினால் டாஃப்-16 என்ற இன்னொன்று விழிக்கிறது. அதன் வேலையே மற்ற மரபணுக்களின் வாசிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும். 2003இல் கென்யனின் ஆய்வகத்தில் கோலீன் மர்ஃபி அந்தப் பட்டியலை எடுத்தபோது அதில் ஏகப்பட்ட மரபணுக்கள். அழுத்தத்தைத் தாங்குபவை, கிருமியை எதிர்ப்பவை, வளர்சிதை மாற்றம் சார்ந்தவை. ஒவ்வொன்றும் ஆயுளில் சிறு சிறு பங்கு. நாயகன் இல்லாத, துணைப்பாத்திரங்கள் மட்டுமே உள்ள கதை.

இரு மடங்கு ஆயுள் என்பதோடு யூட்யூப் நிறுத்திக்கொள்ளும். அதற்கப்புறம் நடந்தது எனக்கு முக்கியம். கோர்டன் லித்கோவின் குழு 2004இல் இந்த நீண்டநாள் புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒரே தட்டில் சேர்த்து வாழவிட்டது. சில தலைமுறைகளிலேயே நீண்டநாள் புழு வம்சம் அந்தத் தட்டிலிருந்து காணாமல் போனது. இளமையில் அவை குட்டி போடுவது குறைவு. ஆய்வகத்தில் தனியாக ஊட்டி வளர்க்கும்போது சாதனையாளர், கூட்டத்தில் விட்டால் தோற்றுப்போகிறவர். அப்படியானால் இயற்கையில் இரண்டு வாரம் வாழ்கிற புழு ஏதோ கீறல் விழுந்த பிரதியா? அது இரண்டு வாரத்துக்கான வாசிப்பு. அந்த மண்ணில், அந்தப் பசியில், அதுதான் ஜெயித்தது.

சின்க்ளேருக்கு நியாயம் செய்யாமல் நகரக் கூடாது. 2020இல் அவருடைய ஆய்வகம் செய்த எலிச் சோதனை பெரிய வேலை. ஷின்யா யமனாகா 2006இல் நான்கு மரபணுக்களைக் கொண்டு முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டியிருந்தார், 2012இல் ஜான் கர்டனோடு நோபல் வாங்கினார். அந்த நான்கில் புற்றுநோய் அபாயமுள்ள ஒன்றை விலக்கிவிட்டு மூன்றை மட்டும் எலியின் விழித்திரைக்குள் செலுத்தியது சின்க்ளேரின் குழு. நசுங்கிய பார்வை நரம்பு வளர்ந்தது, வயதான எலிக்குப் பார்வை மேம்பட்டது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இதே சோதனை வரிசைதான் டிவிடி உவமையை உடைக்கவும் செய்கிறது. அந்த நான்கு மரபணுக்களையும் எலியின் உடம்பில் நிறுத்தாமல் ஓடவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். செல்கள் தாங்கள் யாரென்பதை மறந்துபோகின்றன. டெரட்டோமா என்ற கட்டிகள் வருகின்றன. அதாவது கல்லீரல் செல்லைத் துடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது இளம் கல்லீரல் செல் இல்லை, கல்லீரலே இல்லாத ஏதோ ஒன்று. ‘இருபது வயது’ என்று எழுதிய கோப்பு வழியில் எங்கேயும் தட்டுப்படவில்லை. சரியான நேரத்தில் கையை எடுத்தால் பலன், கொஞ்சம் தாமதித்தால் கட்டி. எங்கே நிறுத்த வேண்டும் என்று ஆய்வாளர்தான் தீர்மானிக்கிறார். இதை ‘மீட்பு’ என்று சொல்வதைவிட இன்னொரு வாசிப்பை உருவாக்குவது என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மருத்துவமாக அதன் மதிப்பு ஒன்றும் குறையாது. அதை விற்கும் வாக்கியம் மட்டும் மாறும்.

*

வெங்கி ராமகிருஷ்ணனிடம் இந்தப் பிரச்சினை இல்லை. அவரிடம் வேறு பிரச்சினை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர், மூன்று வயதில் பரோடாவுக்குப் போனவர், 2009இல் வேதியியல் நோபல் வாங்கியவர் என்பதெல்லாம் நம் பாடப்புத்தகப் பெருமிதத்துக்கே போதுமானவை. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எதற்காக நோபல் வாங்கினார் என்பது. ரைபோசோம். ஆர்என்ஏ நகலைப் படித்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துப் புரதம் செய்யும் இயந்திரம். அதாவது இவர் வாழ்நாளில் பெரும்பகுதியை வாசகனின் உடற்கூறைப் பார்ப்பதில் கழித்தவர். வாசிப்பு எவ்வளவு பருப்பொருளான காரியம், எத்தனை இடத்தில் சிக்கும், செய்து முடித்த புரதம் சரியாக மடங்காவிட்டால் என்னென்ன ஆகும், குப்பையை யார் அள்ளுவார்கள் என்பதையெல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அவர் ஒற்றை உவமையில் மாட்டுவதே இல்லை. டிஎன்ஏ சேதம், டெலோமியர், மெத்தில் குறி, புரதக் குப்பை, இன்சுலின் பாதை, மைட்டோகாண்ட்ரியா, இளம் ரத்தம் என்று ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாசலைத் திறந்து, ‘இதுவும் ஒரு காரணம், இது மட்டும் காரணமில்லை’ என்று சொல்லி மூடுகிறது.

பரிணாமம் பற்றிய பக்கங்கள் புத்தகத்தின் முதுகெலும்பு. பீட்டர் மெடவார் ஐம்பதுகளின் தொடக்கத்தில் சொன்னது: சந்ததியைப் பெற்று முடித்த பிறகு நமக்கு நேர்வதைப் பற்றி இயற்கைத் தேர்வுக்கு அக்கறை மங்கிவிடுகிறது. ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் இன்னும் ஒரு படி போனார். இளமையில் உதவுகிற அதே மரபணு முதுமையில் கெடுக்கலாம், அப்படிப்பட்ட மரபணுவைத் தேர்வு தடுக்காது, வளர்க்கவே செய்யும். இதைப் புரிந்துகொண்டால் சின்க்ளேரின் கோட்பாட்டில் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். முதுமையில் நடப்பதெல்லாம் வாசிப்பு மங்குவது மட்டும் கிடையாது. பல இடங்களில் வாசிப்பு நிற்காமல் தொடர்வதுதான் தொல்லை. வளர்ச்சிக்காக முடுக்கிவிட்ட பாதைகள் வளர்ந்து முடிந்த பின்னும் ஓடுகின்றன. கிருமியை விரட்ட வேண்டிய அழற்சி மரபணுக்கள் கிருமி இல்லாத வீட்டிலும் கத்திக்கொண்டிருக்கின்றன.

வெவ்வேறு விலங்குகளை ஒப்பிட்டாலும் இதே திசையில்தான் சேதி வருகிறது. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் வெரா கோர்புனோவா குழு 2022இல் 26 பாலூட்டி இனங்களின் மரபணு வெளிப்பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நீண்ட காலம் வாழும் இனங்களில் டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களின் வாசிப்பு தூக்கலாக இருந்தது. ஆற்றல் உற்பத்தி, அழற்சி சார்ந்தவற்றின் வாசிப்பு அடக்கமாக இருந்தது. சாதாரண எலி மூன்று வருடம் வாழ்கிறது, ஏறக்குறைய அதே அளவுள்ள முடியில்லாத துன்னெலி முப்பது வருடத்தைத் தாண்டுகிறது. ஆனால் ஒரு கவனம் வேண்டும். துன்னெலி எலியைவிட நீண்ட நாள் வாழ்வது ஏன் என்பது ஒரு கேள்வி. ஒரே எலி இளமையிலிருந்து முதுமைக்குப் போகும்போது என்ன மாறுகிறது என்பது வேறு கேள்வி. முதலாவது லட்சக்கணக்கான வருடங்கள் எடுத்துக்கொண்ட மாற்றம், இரண்டாவது மூன்று வருடம். முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவதற்கு மாத்திரையாக விற்பதில்தான் இந்தத் துறையின் பாதிக் கோளாறு இருக்கிறது. ராமகிருஷ்ணன் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை, சின்க்ளேர் உற்சாகத்தில் அடிக்கடி தாண்டுகிறார்.

உற்சாகத்தின் விலையும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. 2003இல் சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் சர்டுயின் புரதங்களைத் தூண்டுகிறது என்று சின்க்ளேரும் சகாக்களும் எழுதினார்கள். அவர் இணைந்து தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் லண்டனில் டேவிட் ஜெம்ஸின் குழு, புழுவிலும் பழ ஈயிலும் சர்டுயினைக் கூட்டினால் ஆயுள் நீளும் என்ற பழைய முடிவுகள் சோதனையைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் நிற்கவில்லை என்று காட்டியது. 2013இல் அந்தப் பிரிவையே நிறுவனம் மூடிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு வந்ததுதான் ‘லைஃப்ஸ்பான்’. தான் எடுத்துக்கொள்கிற மாத்திரைகளின் பட்டியலை, பரிந்துரை இல்லை என்ற பீடிகையோடு, கடைசியில் தருகிறார். பீடிகையை யார் படித்தார்கள்? எங்கள் மாமா படிக்கவில்லை.

ராமகிருஷ்ணன் ஒரு அத்தியாயத்துக்கே ‘கிறுக்கர்களா, தீர்க்கதரிசிகளா’ என்று பொருள்படத் தலைப்பு வைத்து இந்த வியாபாரத்தைப் பேசுகிறார். இந்தத் துறையில் தனக்குப் பணம் சார்ந்த பங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். நம்பகமான குரல். ஆனால், இதோ அவருடைய பிரச்சினை. நம்பகமாக இருப்பதற்காக அவர் எதையும் சேர்த்துக் கட்ட மறுக்கிறார். விஞ்ஞானி வருகிறார், அவருடைய சிறு வாழ்க்கைக் குறிப்பு வருகிறது, சோதனை வருகிறது, ‘இன்னும் தெளிவில்லை’ வருகிறது, அடுத்தவர் வருகிறார். ஆறேழு அத்தியாயம் கழித்து எனக்கு யார் பெயரும் நினைவில் நிற்கவில்லை. விலங்குகளும் அப்படித்தான், உதாரணமாக வந்து தலையாட்டிவிட்டுப் போய்விடுகின்றன. எறும்புக்கும் தேனீக்கும் இரண்டு புத்தகங்களிலும் கிடைக்கிற இடம் என் கணக்கில் போதவே போதாது. வாசிப்பு மாறினால் ஆயுள் மாறும் என்பதற்கு அவற்றைவிடக் கண்ணுக்கு முன்னால் நிற்கிற சாட்சி எது?

சின்க்ளேரின் உவமை தப்பு. ஆனால் அது எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. ராமகிருஷ்ணனின் எச்சரிக்கை சரி. அது சிதம்பரத்துக்குக்கூட வரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வாசகர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. ‘இதுவும் ஒரு காரணம்’ என்ற வாக்கியத்தை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. கூட்டில் கிடைத்த இடத்துக்குத் தகுந்தபடி ஏழு மாத உயிர் நான்கு வருட உயிராகிற கதையை அனுப்புவார்கள். அதை எழுதுகிற திறமை ராமகிருஷ்ணனிடம் இருக்கிறது, ரைபோசோம் பந்தயத்தைப் பற்றி ‘ஜீன் மெஷின்’ எழுதியவர் அவர். அந்தப் புத்தகத்தில் போட்டி, பொறாமை, பயம் எல்லாம் இருந்தது. இதில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டால், ராமகிருஷ்ணனின் புழு அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பிறகு சின்க்ளேரின் முதல் பகுதி. இந்த வரிசையில் படித்தால் சின்க்ளேர் எந்த இடத்தில் தரையிலிருந்து கால் எடுக்கிறார் என்பது தானாகத் தெரியும்.

*

பொங்கலுக்கு முன்னால் மாமாவுக்கு போன் செய்தேன். என்எம்என் உடம்பில் என்ஏடி என்ற மூலக்கூறின் அளவைக் கூட்டுவது உண்மைதான், மனிதர்களின் ஆயுளை அது நீட்டுகிறது என்று இதுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுப்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்று சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் எறும்புக் கதையைச் சொன்னேன். போட்டி, ஜெயிப்பது, நான்கு வருடம், பதவி போனால் சுருங்குவது.

“ரிட்டையர்மென்ட் மாதிரி சொல்லு” என்றார்.

“அப்படியெல்லாம் இல்ல மாமா, எறும்பை வச்சு மனுஷனைச் சொல்லக் கூடாது.”

“நான் எங்கடா சொன்னேன். நீதான சொன்ன.” பின்னால் அத்தை குரல் கேட்டது. அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, “டப்பால இன்னும் இருபது கெடக்கு. காசு குடுத்து வாங்கினது. என்ன பண்றது அதை?” என்றார்.

டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். டாக்டரிடம் கேட்டால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்றார்.